மூதூர் லோஞ்சுக்கு முந்தி

போன மாதம் எங்கள் தெருமுனையில், தையல் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். நாடா வெட்ட ஆள் தேடியிருக்கிறார்கள். அரை ஆயுசு ஊசி பிடித்துவிட்டு இப்போது வீட்டில் சும்மா இருப்பவள் என்று நான் அகப்பட்டேன். போனேன், வெட்டினேன், தந்த தொதல் இனிப்பையும் தின்றேன். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகுதான் தலையை நிமிர்த்தி அவர்களுடைய பெயர்ப்பலகையைப் பார்த்தேன். சட்டை, சேட்டு, பாடசாலைச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை, மணப்பெண் சோடனை, பூங்கொத்து என்று மேலிருந்து கீழ்வரை எழுதி, இடம் போதாமல் கடைசி வரியைச் சரித்து எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வரி, குடை திருத்தம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல நாளும் பெருநாளுமாக ஒரு கிழவி வந்து நின்று சிரித்தால் ஆருக்குத்தான் கோபம் வராது? அவர்களில் வாய் உள்ள பிள்ளை ஒன்று, "ஏன் பெரியம்மா சிரிக்கிறீங்கள்? எல்லாம் செய்தால்தானே எல்லாரும் வருவினம்?" என்று கேட்டது.

அதே கேள்வியை, ஏறத்தாழ அதே சொற்களில், என் முதலாளி சூசைப்பிள்ளை மாஸ்டர் ஒருகாலத்தில் கேட்டார். அந்தப் பிள்ளைக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு அன்று வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில், எழுதித்தான் சொல்லவேண்டும் போலிருந்தது. ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். சட்டைப் பொத்தானுக்குத் தெறி ஓட்டை போட்டுப் பழகிய கை, அவசரப்படாது.

சூசைப்பிள்ளை மாஸ்டரின் கடை, டொக்யாட் வாசலுக்குப் போகிற தெருவில் இருந்தது. வெள்ளைக்காரக் கப்பற்படை திருகோணமலையில் இருந்த காலம் அது. கடைப் பலகையில் தமிழில் ஓர் எழுத்தும் இராது. துரைமார் வாசித்தால் போதும் என்பது மாஸ்டரின் எண்ணம். அவருடைய மனைவி தெரேசாக்கா எங்கள் ஒழுங்கைக்காரி, அயலில் இருந்தவர். கன்னியாஸ்திரிமாரிடம் நான் பூத்தையல் பழகியதைப் பார்த்துவிட்டு, கடையின் பின்பக்க அறையில் தனக்குத் துணையாக இருத்திக்கொண்டார். இரண்டு மெசின்காரர்கள் முன்னால் தைப்பார்கள். நானும் தெரேசாக்காவும் பின்னால் கைத்தையல். அவர் மடிப்பு அடிப்பார், நான் தெறி ஓட்டை போடுவேன்.

முதல் வருடம் முழுக்கக் கழிவுத் துணியில்தான் போட்டேன். மாஸ்டர் பின்னேரத்தில் வந்து, நான் போட்ட ஓட்டைகளின் ஓரத்தைச் சின்னிவிரல் நகத்தால் மெல்ல வழித்துப் பார்ப்பார். நகத்தில் ஒரு நூல் தட்டுப்பட்டால் ஒன்றும் பேசாமல் துணியைத் திருப்பி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஒருநாள் நகம் தட்டாமல் போனது. அன்றும் ஒன்றும் பேசவில்லை. ஒரு துரையின் வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். என் படிப்பு அவ்வளவுதான்.

மாஸ்டர் அளவெடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது. எப்போதும் காலில் வெள்ளைக் களிசான், மேலே வெள்ளைச் சேட்டு, கழுத்தில் அளவு நாடா. கோயிலுக்குப் போகும்போதுகூட நாடாவோடு போய், நற்கருணை வாங்க எழும்பும் நேரத்தில் தெரேசாக்கா இழுத்தெடுத்த சம்பவமும் உண்டு. ஒருவர் கடைக்குள் வந்தால் உடனே அளக்கமாட்டார். வாசலிலிருந்து கதிரைவரை அவர் நடக்கிற நடையைப் பார்ப்பார். பிறகு கதை கொடுப்பார். கப்பல் எப்படி, ஊரில் குளிரா, தாய் சுகமா என்று. கதையில் ஆள் தன்னை மறந்த நேரத்தில் நாடா தோளில் விழும்.

"அளக்கிறன் எண்டு சொன்னா எவனும் நெஞ்சை நிமித்தி வயித்தை எக்குவான், பிள்ளை," என்று எனக்கு ஒருமுறை சொன்னார். "அந்த நெஞ்சுக்குத் தைச்சுக் குடுத்தா, வீட்டை போய்ச் சோறு தின்ன ஏலாது."

அளந்து, வெட்டி, வெள்ளை நூலால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு, அந்த அரைகுறை உடுப்பை ஆளின் உடம்பில் ஏற்றிப் பார்ப்பதற்கு எங்கள் ஊரில் ஃபிற்றோன் என்று பெயர். மற்றக் கடைகளில் ஒரு ஃபிற்றோன் நடந்தாலே பெரிய காரியம். எங்கள் கடையில் சேட்டுக்கு ஒன்று, களிசானுக்கு இரண்டு, கோட்டுக்கு மூன்று. துரையைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, கோட்டைப் போட்டு, தலையைச் சாய்த்து நின்று பார்ப்பார். பிறகு தோள்மூட்டுக்குள் விரலைக் கொடுத்து, ஒரே இழுவையில் கோட்டின் கையைக் கழற்றி எடுத்துவிடுவார். முதல்முறை பார்க்கிற துரைமார் துள்ளி விழுவார்கள். மாஸ்டர் முகத்தில் ஓர் அசைவும் இராது. சோக்கால் தோளில் ஒரு கோடு இழுத்து, கையைக் கொஞ்சம் திருப்பிப் பொருத்தி, குண்டூசி குத்தி, தன்னுடைய ஆங்கிலத்தில் "இனிச் சரி" என்பார். சரியாகத்தான் இருக்கும். அந்தக் கையைக் கழற்றுகிற இழுவையில்தான் மாஸ்டரின் மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

பிறகு வெள்ளைக்காரர் போனார்கள். கப்பல்கள் ஒவ்வொன்றாக வெளிக்கிட்டன. துறைமுகம் பெருநாள் முடிந்த மைதானம் போலக் கிடந்தது. என் அப்பா டொக்யாட்டில் கப்பல்களுக்கு இலக்கமும் பெயரும் எழுதுகிற பெயின்ரர். அவருடைய வேலையும் அதோடு போனது. வீட்டில் அம்மா, படிக்கிற தம்பிமார் இரண்டுபேர், சோர்ந்து படுத்திருக்கும் அப்பா. உழைக்கிற ஆள் என்று மிஞ்சியவள் நான் ஒருத்திதான். நான் போடும் தெறி ஓட்டைக்குள்ளால்தான் எங்கள் வீட்டுச் சோறு வரவேண்டும் என்று ஆனது.

மாஸ்டர் முதலில் அசையவில்லை. அவர்கள் திரும்பி வருவார்கள் என்றார். இப்படி ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு எவன் இருப்பான் என்றார். துரைமாருக்கென்று வைத்திருந்த நீலச் சேர்ஜ் துணியை அலுமாரியில் கற்பூரம் போட்டுப் பூட்டினார். கடை மணிக்கூட்டை டொக்யாட் சங்குக்குப் பார்த்துத் திருத்துகிற பழக்கத்தையும் விடவில்லை. வெள்ளைக்காரருக்குப் பதிலாகப் புதிதாக வந்த எங்கள் நாட்டுக் கப்பற்படைக்காரருக்கு உடுப்பு எங்கிருந்தோ மொத்தமாக வந்து இறங்கியது. எங்கள் கடைக்கு ஒரு களிசான்கூட வரவில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒருநாள் காலை மாஸ்டர் என்னிடம், "உன்ர அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை, பலகையைத் தமிழிலை எழுதுவம். எல்லாம் செய்தா எல்லாரும் வருவினம்தானே?" என்றார். அப்பா சந்தோசமாக வந்து எழுதினார். கோட்டு, களிசான், சேட்டு. அடுத்த மாதம் பாடசாலைச் சீருடை. அதற்கடுத்து திரைச்சீலை. பிறகு கூட்டு வாத்தியக்காரருக்கான உடுப்பு. அந்தக் கூட்டம் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மாஸ்டர் "குடை திருத்தம்" என்று எழுதச் சொன்ன நாளில் அப்பாவே தூரிகையை வைத்துவிட்டார். இடமில்லை, இனி எழுதுவதென்றால் பலகையின் பின்பக்கத்தில்தான் எழுதலாம் என்றார். கடைசியில் அதையும் சரித்து எழுதிக் கொடுத்தார்.

குடைகள் வந்தன. மாரிகாலம், ஊரில் உள்ள நொண்டிக் குடை எல்லாம் வந்தது. கோட்டுத் தைத்த மெசின்காரர் கம்பி வளைத்தார். ஒரு குடைக்காரனோடு தெரேசாக்கா வாய்த்தர்க்கப்பட்டு, அந்தக் குடையாலேயே அவனைத் துரத்தியதோடு அந்த வியாபாரம் முடிந்தது. சீருடை தைத்தோம், பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் அடங்காத கூட்டம், பிறகு வருடம் முழுக்க ஈ. திரைச்சீலை தைத்த வீட்டுக்காரர் சீனன்குடாவிலிருந்து மாறிப் போய்விட்டார். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினோமே தவிர, எங்கள் வாசலில் உண்மையாக யார் வந்து நிற்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வரத்தான் வந்தார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆட்கள். கமக்காரர், மீன்காரர், கலியாணத்துக்குத் துணி எடுக்க வந்த பெண்டுகள். மாஸ்டர் அவர்களையும் துரைமாரைப் போலவே இருத்தி, கதை கொடுத்து, அளந்தார். அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. அடுத்த கிழமை ஃபிற்றோனுக்கு வாருங்கள் என்பார். அவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான், திரும்பி வருவதில்லை. ஓட்டுத் தையலோடு அரைகுறை உடுப்புகள் கம்பியில் தொங்கும். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து கையை ஆட்டும். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

ஏன் வருவதில்லை என்பதற்கு எங்களிடம் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. ருசி தெரியாத சனம் என்பது மாஸ்டரின் விளக்கம். கூலி கூட என்பது தெரேசாக்காவின் விளக்கம். சொன்ன சொல் நில்லாத ஆட்கள் என்று நான் திட்டுவேன். மூன்றுபேரும் இதைப் பற்றி நாள்கணக்காக வாதாடினோம். அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் சந்தையடியில் ஒரு தையற்காரர் வேப்பமரத்துக்குக் கீழே ஒற்றை மெசினை வைத்துக்கொண்டு தைத்தார். அவரைச் சுற்றி எந்நேரமும் சனம். அவர் தைத்த சேட்டு ஒன்றை மாஸ்டர் எப்படியோ எடுத்துவந்து மேசையில் விரித்தார். கொலர் ஒருபக்கம் மேலே, ஒருபக்கம் கீழே. தெறி ஓட்டைகளை எலி கடித்தது போலிருந்தது. மாஸ்டர் அதை வைத்து ஒரு கிழமை சிரித்தார். சிரித்து முடிந்தபோது அவருடைய முகம் நன்றாக இருக்கவில்லை.

பாஸ்குத் திருநாள் முடியக் கடையை மூடப்போவதாக ஒருநாள் சொன்னார். மெசின்களை எடுக்க ஆள் பார்த்தாயிற்று என்றார். தெரேசாக்கா அழவில்லை, குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளை உடைக்கிற மாதிரிக் கழுவினார். நான் வீட்டில் சொல்லவில்லை. அப்பா ஒவ்வொரு நாளும் "கடை எப்பிடிப் போகுது?" என்று கேட்பார். நல்லாப் போகுது என்பேன். பாஸ்குக்குப் பிறகு தம்பிமாரின் படிப்பும் வீட்டு அடுப்பும் என்ன ஆகும் என்று நினைத்து, போட்ட ஓட்டையையே பிரித்து மறுபடி போடுவேன்.

அந்த நிலைமையில்தான் இபுறாஹிம் நானா வந்தார். மூதூரில் வயல்காரர். மூத்த மகனுக்குக் கலியாணம், கோட்டுத் தைக்கவேண்டும் என்று மகனையும் கூட்டிவந்திருந்தார். மகன் நெல்மூட்டை தூக்கித் தூக்கி ஒருபக்கத் தோள் இறங்கிய இளந்தாரி. மாஸ்டர் அவன் வாசலிலிருந்து கதிரைவரை நடந்ததைப் பார்த்தார். அவருடைய முகத்தில் நெடுநாளாகக் காணாத வெளிச்சம் வந்தது. அலுமாரியைத் திறந்து, கற்பூரம் மணக்கிற நீலச் சேர்ஜை எடுத்தார். அது கடைசித் துண்டு. வேண்டாம், வேறு துணி காட்டுங்கோ என்று தெரேசாக்கா பின்னாலிருந்து கையைக் காட்டினார். மாஸ்டர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அளந்து முடித்து, அடுத்த செவ்வாய் ஃபிற்றோன் என்றார். இபுறாஹிம் நானா தலையைச் சொறிந்து, "ஓம் மாஸ்டர், பார்ப்பம்," என்றார்.

செவ்வாய் வந்தது. நானா வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. கோட்டு கம்பியில் தொங்கியது. கலியாண நாள் நெருங்கியது. முடித்து ஆர் கையிலாவது கொடுத்து விடுங்கோ என்று தெரேசாக்கா நச்சரித்தார். மெசின்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். மாஸ்டர் கேட்கவில்லை.

"அந்தத் தோளைப் பாக்காமக் கையை வைக்க ஏலாது," என்றார். "இறங்கின தோள். அப்பிடியே வைச்சா, மாப்பிள்ளை மேடையிலை மூட்டை தூக்கிறவன் மாதிரித்தான் நிப்பான்."

"அப்ப என்ன, கோட்டைத் தூக்கிக்கொண்டு நீங்களே போங்கோவன்," என்றார் தெரேசாக்கா. கோபத்தில் சொன்னது அது. மாஸ்டர் கோட்டைக் கம்பியிலிருந்து கழற்றி வெள்ளைத் துணியில் சுற்றினார். அடுத்த நாள் காலை மூன்றுபேரும் குடாவைக் கடந்து ஆட்களை ஏற்றிப் போகிற மோட்டார்ப் படகில், மூதூர் லோஞ்சில் நின்றோம். தெறி ஓட்டை போட நான் வேண்டும். குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்ப ஏலாது என்று தெரேசாக்காவும் வந்தார். உண்மையில் அவருக்கு மூதூரைப் பார்க்க ஆசை.

இந்தத் துறைமுகத்தில் நின்ற எந்தப் போர்க்கப்பலின் ஏணியும் மாஸ்டருக்கு மனப்பாடம். தளபதிமாரின் அறையில் இருந்து தேத்தண்ணி குடித்தவர். ஆனால் குடாவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மூதூருக்கு ஒருநாளும் போனதில்லை. லோஞ்சில் வெள்ளைக் களிசானோடு ஏறி, எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார். கோழிக்கூடை, சாக்கு மூட்டை, மருந்துப் போத்தல், பிள்ளையை மடியில் வைத்த தாய்மார். ஒரு கிழவர் மூட்டையைத் தள்ளி இடம் கொடுத்தார்.

மாஸ்டருக்குக் கதை கொடுக்கிற பழக்கம் எங்கே போகும்? கிழவரிடம் கதை கொடுத்தார். எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்டார். கிழவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். முதல்நாளே இந்தக் கரைக்கு வந்தாராம். ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, சந்தை என்று எல்லாவற்றுக்கும் ஒரே பகல். கச்சேரியில் சுணங்கி, பின்னேரக் கடைசி லோஞ்சைத் தவறவிட்டு, ஆரோ ஒரு கடைத் தாழ்வாரத்தில் படுத்து எழும்பி இப்போது போகிறாராம். வீட்டிலே தேடுவார்கள் என்றார். அவருடைய ஊர் இறங்குதுறையிலிருந்து இன்னும் நடைதூரம்.

அவர் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. மாஸ்டரின் கண் அதில்தான். கிழவர் பெருமையாக அவிழ்த்துக் காட்டினார். புதுச் சேட்டு. கொலர் ஒருபக்கம் மேலே, ஒருபக்கம் கீழே. சந்தையடித் தையல் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மாஸ்டர் மெதுவாக, "கொலர் கொஞ்சம் கோணல் போலக் கிடக்கு," என்றார்.

கிழவர் கொலரைத் தூக்கிப் பார்த்தார். "கோணல்தான்," என்றார். "ஆனா மகன், காலையில துணியைக் குடுத்தா லோஞ்சுக்கு முந்திச் சட்டை கையில. அந்தா டொக்யாட் றோட்டில ஒரு பெரிய தையல்கடை இருக்காம். இந்தக் கிழமை வா, வாற கிழமை வா எண்டு இழுப்பாங்களாம். அது லோஞ்சில வாற ஆக்களுக்கு இல்லை, மகன். அது துரைமாருக்கு."

தெரேசாக்கா என் கையைக் கிள்ளினார். நான் கடலைப் பார்த்தேன். மாஸ்டர் கழுத்து நாடாவைக் கழற்றி, சுருட்டி, சேட்டுப் பையில் வைத்ததைக் கண்டேன்.

இபுறாஹிம் நானா எங்களைக் கண்டு பதறிப்போனார். கதிரை எடுத்துப் போடச் சொன்னார், இளநீர் வெட்டச் சொன்னார். ஏன் வரவில்லை என்று மாஸ்டர் கேட்கவேயில்லை, நானாவே சொன்னார். முதல் செவ்வாய் வெளிக்கிட்டு இறங்குதுறைவரை வந்தாராம், கடல் எழும்பி லோஞ்ச் ஓடவில்லை. இரண்டாவது செவ்வாய் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அன்று போனால் அந்தப் போகமே போய்விடும். மூன்று தரம் வரச் சொன்ன இடத்துக்கு ஒருதரம்கூட வராமல் இனி எந்த முகத்தோடு வருவது என்று வெட்கமாகிப் போனதாம். மச்சானின் கோட்டை இரவல் வாங்கி வைத்திருந்தார். சுவரில் தொங்கியது, ஓர் ஆனைக்குட்டிக்குத் தைத்தது போல இருந்தது.

"நீங்க கோவிக்கப்படாது மாஸ்டர்," என்றார் நானா. "உங்கட கடை நல்ல கடை. எங்களுக்குத்தான் அதுக்கேத்த நாள் இல்லை."

அந்த வார்த்தை மாஸ்டரை என்ன செய்தது என்று நான் அவருடைய முகத்தில் பார்த்தேன். நாங்கள் மூன்றுபேரும் நாள்கணக்காக வாதாடிய கேள்விக்கு அந்த மனிதர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டார். ருசியுமில்லை, கூலியுமில்லை, சொல் தவறுகிற குணமுமில்லை. நாங்கள் விற்றது கோட்டு. அவர்களிடம் கேட்டது மூன்று பகல். அப்படி மூன்று பகல் அவர்களில் ஒருவரிடமும் இல்லை.

மாப்பிள்ளைப் பையனை முற்றத்தில் நிறுத்தி ஃபிற்றோன் நடந்தது. வேலியோரம் அயலட்டை எல்லாம் கூடிவிட்டது. மாஸ்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார், தோள்மூட்டுக்குள் விரலைக் கொடுத்தார், ஒரே இழுவை. கை கழன்று வந்தது. உள்ளேயிருந்து பெண்டுகள் ஐயோ என்று ஒருமிக்கக் கத்தினார்கள். பையனின் உம்மா, கலியாணக் கோட்டைக் கிழித்துவிட்டானே என்று வெளியே ஓடிவந்தார். மாஸ்டர் சோக்கால் கோடு இழுத்து, கையைத் திருப்பிப் பொருத்தி, குண்டூசி குத்தி, பையனை உம்மா பக்கம் திருப்பி நிறுத்தினார். இறங்கிய தோள் எங்கே போனது என்று தெரியவில்லை. உம்மா பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு அது அவர்களுடைய கலியாணத்துக்காக மட்டும் வந்த அழுகையல்ல.

இரவல் மெசின் ஒன்று வந்தது. மாஸ்டர் தைத்தார், தெரேசாக்கா மடிப்பு அடித்தார், நான் பெண்டுகளோடு உள்ளே இருந்து தெறி ஓட்டை போட்டேன். மாஸ்டர் நகத்தால் வழித்துப் பார்த்துத் தலையாட்டினார். கரிப்பெட்டியால் தேய்த்துக் கோட்டை மினுக்கிக் கொடுத்தபோது முற்றத்தில் இன்னும் சில ஆம்பிளைகள் நின்றார்கள். எங்களையும் அளங்கோ மாஸ்டர் என்றார்கள். மாஸ்டர் நாடாவைப் பையிலிருந்து எடுத்தார். முதல் ஆளை அளந்து முடித்து, பழக்கத்தில் "அடுத்த கிழமை ஃபிற்றோன்..." என்று தொடங்கினார். ஆட்களின் முகம் மாறியது. ஓம் ஓம் என்று தலையாட்டத் தொடங்கினார்கள். எங்கள் கடையில் எத்தனையோ தரம் பார்த்த அதே தலையாட்டு.

மாஸ்டர் இந்தமுறை அதைக் கண்டார். நிறுத்தினார். என்னையும் தெரேசாக்காவையும் பார்த்தார்.

"இல்லை," என்றார். "காலமை வந்து துணியைத் தாங்கோ. போய் உங்கட ஆஸ்பத்திரி, கச்சேரி அலுவலைப் பாருங்கோ. மத்தியானம் ஒருக்கா எட்டி வந்து போட்டுக் காட்டுங்கோ. லோஞ்சுக்கு முந்தி உங்கட கையிலை இருக்கும்."

தெரேசாக்கா, "ஏலுமே?" என்று என் காதுக்குள் கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் ஏலாது என்றால் பாஸ்குக்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது தெரியும். ஏலும் என்றேன்.

திரும்பி வந்த அடுத்த நாள் மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டார். பலகையில் இருந்ததையெல்லாம் சுரண்டச் சொன்னார். கோட்டு முதல் குடை வரைக்கும். அப்பா தான் எழுதியதைத் தானே சுரண்டினார். பிறகு என்ன எழுத என்று கேட்டார். "மூதூர் லோஞ்சுக்கு முந்தித் தருவோம்" என்று மட்டும் எழுதச் சொன்னார் மாஸ்டர். என்ன தருவோம் என்று எழுதவேண்டாமா என்று அப்பா கேட்டதற்கு, கழுத்திலே நாடாவோடு ஒருவன் நிற்கிறான், என்ன தருவான் என்று தெரியாதா என்றார். அவ்வளவு பெரிய பலகையில் ஒரே வரி. அப்பா தன் டொக்யாட் கையெழுத்தை முழுக்க அதில் காட்டினார்; கப்பலின் பெயர் போல இருந்தது.

லேசாக நடக்கவில்லை. முதல் நாட்களில் ஒருவர் கையில்லாச் சேட்டோடு லோஞ்சுக்கு ஓடியிருக்கிறார். வேலையை அடியோடு மாற்றினோம். சீருடை இல்லை, திரைச்சீலை இல்லை. கேட்டு வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினோம். கோட்டு வேண்டிய ஆட்களுக்காக மாதத்தில் ஒருதரம் மாஸ்டரே லோஞ்ச் ஏறினார். பெண்டுகளின் சட்டையை நான் அளக்கத் தொடங்கினேன். அவர்கள் பின்னறையில் வந்து இருந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டு, கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கதையிலிருந்துதான் எந்த மாதம் அறுவடை, எப்போது பெருநாள், எந்த வீட்டில் கலியாணம் என்று நாங்கள் அறிந்தோம். மணிக்கூட்டை லோஞ்சின் ஊதலுக்குப் பார்த்துத் திருத்தினோம். பாஸ்கு வந்தது, போனது. மெசின் எடுக்க வந்த ஆளைத் தெரேசாக்கா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். என் தம்பிமார் படித்து முடித்தார்கள்.

அதற்குப் பிறகு பல வருடம் கழித்து ஒருநாள் மத்தியானம். மாஸ்டருக்கு அப்போது கண்ணாடி தடித்துவிட்டது. துறைமுகத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்திருந்தது. நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் தெருவில் நின்று எங்கள் பலகையை அண்ணாந்து பார்த்தார், ஒரு சொல்லும் விளங்காமல். பிறகு உள்ளே வந்து, மாஸ்டரைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார். இளம் துரையாக இங்கே இருந்தபோது மாஸ்டர் தைத்துக் கொடுத்த கோட்டைப் பற்றிச் சொன்னார். அதுபோல வேறு எங்கேயும் ஒருவனும் தைக்கவில்லை என்றார். இன்னொன்று வேண்டுமென்றார்.

திரும்பி வருவார்கள் என்று எத்தனை வருடம் மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு மூதூர்ப் பெண்பிள்ளையின் பெருநாள் சட்டை, ஓட்டுத் தையலோடு. அந்தப் பிள்ளையின் தாய் சுவரோர மர வாங்கில் இருந்தார், காலடியில் கோழி. மாஸ்டர் துரையின் கையைப் பிடித்துக் குலுக்கி, தன்னுடைய ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, வாங்கைக் காட்டினார். துரை சிரித்துவிட்டு, கோழிக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

நான் கிட்டப் போய், "மாஸ்டர், சட்டையை நான் பாக்கிறன். துரையைக் கவனியுங்கோ. இத்தனை காலமும் பாத்துக்கொண்டிருந்த ஆள் எல்லோ?" என்றேன்.

அவர் தையலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "துரையின்ர கப்பல் துரைக்காக நிக்கும், பிள்ளை," என்றார். "மூதூர் லோஞ்ச் ஆருக்கும் நில்லாது."

சட்டையை முடித்தோம். நான் தெறி ஓட்டை போட்டேன், அவர் நகத்தால் வழித்துப் பார்த்தார், தெரேசாக்கா மினுக்கிப் பொதி கட்டினார். தாய் ஒரு கையில் பொதியும் ஒரு கையில் கோழியுமாக இறங்குதுறைப் பக்கம் ஓடினார். சற்று நேரத்தில் லோஞ்ச் ஊதியது. மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். கழுத்து நாடாவை நேராக்கிக்கொண்டு எழும்பினார்.

"இப்ப துரையை வரச் சொல்லு," என்றார்.